நெருப்புக்கோழிச் சட்டத்தின் ஜாதகம்

ஆர்டெல்லா விட்லோ சிரித்தால் எங்கள் நூலகத்தில் வேலை நின்றுவிடும். முதலில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வரும். தும்மப் போகிறாள் என்று நினைப்போம். அடுத்துத் தோள் குலுங்கும். அதற்கப்புறம் ஏழாவது மாடி முழுக்கக் கேட்கும். சட்ட நிறுவனத்துக்குள் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து இரண்டு முறை கடிதம் வந்தது. இரண்டுக்கும் தேதி போட்டு, எண் போட்டு, கோப்பில் சேர்த்துவிட்டாள். "என்னிக்காவது ஒருத்தனுக்குத் தேவைப்படும்" என்றாள்.

நான் மெர்ல் யோடர். வாஷிங்டன் கே தெருவில் பதினேழு வருடம் அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பக்கத்தின் மூலையை மடக்குகிறவனைக் கண்டால் கை பரபரக்கும். அவளுக்குக் கோபமே வராது. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

எங்கள் வேலை, சட்டங்களுக்கு ஜாதகம் எழுதுவது. ஒரு வழக்கில் ஏதோ ஒரு சட்டத்தின் ஏதோ ஒரு சொல்லை வைத்துச் சண்டை வரும். அதை எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்கள் என்று கேட்கலாமென்றால் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள், மீதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், வாயைத் திறந்தவர்கள் பேசியது பெரும்பாலும் எங்கேயாவது அச்சாகியிருக்கும். மசோதாவின் ஒவ்வொரு வடிவம், குழுவின் அறிக்கை, குழு முன்னால் சாட்சிகள் சொன்னது, அவையில் அடித்துக்கொண்டது, எல்லாம். அதையெல்லாம் தேடிப்பிடித்து வரிசைப்படுத்தி, "இதோ பார், இவர்கள் இதைத்தான் நினைத்தார்கள்" என்று வக்கீல் கையில் கொடுக்க வேண்டும். ஆர்டெல்லா ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் அட்டை வைத்திருந்தாள். அம்மா யார், அப்பா யார், பிறப்பதற்கு முன்னால் செத்துப்போன அண்ணன்கள் எத்தனை பேர் என்று அதில் இருக்கும்.

இந்தப் பைத்தியம் அவளுக்கு அப்பா வழியில் வந்தது. அவர் காங்கிரஸ் பதிவுகளை அச்சிடும் அரசு அச்சகத்தில் புத்தகம் கட்டும் பிரிவில் இருந்தார். மை கொட்டி வீணான தாள்களில்தான் வீட்டில் சாப்பாடு பொட்டலம் கட்டுவார்கள். வாஷிங்டனில் கறுப்பர்கள் வாழும் டீன்வுட்டில் மற்றப் பிள்ளைகள் படக்கதை படித்த வயதில் இவள் விவசாயக் குழுவின் விசாரணையை எண்ணெய்க் கறையோடு படித்தாள். "பாதியிலயே முடிஞ்சிரும் மெர்ல். மீதி யாரோட பொட்டலத்துல போச்சோ! அதைத் தேடித்தான் இந்த வேலைக்கே வந்தேன்" என்பாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தபோது அவளுக்குக் கொடுத்தது சட்டத் தொகுதிகளில் பழைய தாளை உருவிப் புதுத்தாளைச் செருகுகிற வேலை. செருகுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் படித்தாள். பதினாறு வருடம் கழித்து நூலகமே அவள் கைக்கு வந்தது. அந்த வருடம்தான் நானும் வந்தேன்.

எண்பத்துநான்கு ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் நிறுவனத்தின் இளம் வக்கீல் ப்ரெஸ்காட் முகம் தொங்கிப்போய் வந்து நின்றான். கையில் ஒரு கடிதம். டன்னிங் கோவ் என்று மேரிலாந்துக் கரையோரத்தில் ஒரு சின்ன ஊர், அவனுடைய கட்சிக்காரர். அங்கே பழைய கலங்கரை விளக்க நிலத்தை முப்பத்தெட்டாம் வருடச் சட்டம் ஒன்றால் மத்திய அரசு ஊருக்குக் கொடுத்திருந்தது, "பொதுப் பூங்காவுக்கும் அதைச் சார்ந்த பயன்களுக்கும் மட்டும்" என்ற நிபந்தனையோடு. அந்த நிலத்தில் ஒரு குதிரை ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது ஓர் அரசுத் துறை விழித்துக்கொண்டது. பூங்காவைச் சார்ந்த பயன் என்றால் பெஞ்சு, நடைபாதை, கழிப்பறை. ராட்டினம் அதில் சேராது. நிபந்தனையை மீறியதால் நிலம் அரசுக்கே திரும்ப வேண்டும், ராட்டினம் இடிக்கப்படும் என்று எழுதிவிட்டார்கள். பதில் சொல்லக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

"நான் ஏற்கெனவே ஒரு பதில் அனுப்பினேன், மிஸ் விட்லோ" என்றான் ப்ரெஸ்காட். "செனட்ல அந்த மசோதாவைப் பத்திப் பேசினதைப் பக்க எண்ணோட குறிச்சிருந்தேன். அவங்க பதிலைப் படிங்க."

ஆர்டெல்லா படித்தாள். மூக்கில் சத்தம் கிளம்பியது. "'தாங்கள் குறிப்பிட்ட பக்கத்தில் உருளைக்கிழங்கு நோயைப் பற்றிய உரை மட்டுமே காணப்படுகிறது.' மெர்ல்! தினசரிப் பிரதியை எடுத்துக் கொடுத்தது நீதானே?"

நானேதான். அவை நடவடிக்கைகள் அன்றன்றைக்கு ஒரு முறை அச்சாகும். பிறகு திருத்திக் கட்டிய தொகுதியாக மறுபடி வரும். இரண்டிலும் பக்க எண் வேறு வேறு. கட்டிய தொகுதி வந்ததும் தினசரியைக் கடாசிவிடு என்று அவள் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை, பாசத்தோடு பரணில் வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் இதைவிட மானம் போகிற காரியம் கிடையாது.

"காதெல்லாம் செவந்துபோச்சு பாரு இவனுக்கு" என்று என்னைக் காட்டினாள். "விடு. உருளைக்கிழங்கு நோய்க்கு ஒரு நல்ல ஆதாரம் கெடைச்சுது."

"சரியான பக்கத்தைப் போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்ல" என்றான் ப்ரெஸ்காட். "செனட்டர் 'நல்ல மசோதா'ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டார். குழு அறிக்கை ஒரு பக்கம். விசாரணையே நடக்கல. ராட்டினம்ங்கிற வார்த்தையே எங்கயும் இல்ல. ஊர்க்காரங்ககிட்ட விட்டுக்கொடுத்துடுங்கன்னு சொல்லிடலாம்னு..."

"எந்த ஊர்னு சொன்னே?"

"டன்னிங் கோவ்."

சிரிப்பு நின்றது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், பிறகு மறுபடி துடைத்தாள்.

"அந்த ராட்டினத்துல ஒரு நெருப்புக்கோழி இருக்கும்" என்றாள். "குதிரைங்களுக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணு. சிவப்புச் சேணம். முப்பத்தஞ்சாம் வருஷம் கோடை முழுக்க எங்கம்மா அங்க ஒரு வீட்டுல சமையல் வேலை பாத்தாங்க. எனக்கு ஒம்பது வயசு. தெனம் போய்க் கயித்துக்கு வெளிய நின்னு பாப்பேன். கயித்துக்கு உள்ள வெள்ளக்காரப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான்."

ப்ரெஸ்காட் கேட்டான்: "அப்ப... அது போனா உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இருக்காதே?"

"புத்தி இருக்கா கண்ணு உனக்கு? அப்ப ஏறவிடல. இப்ப இடிச்சுட்டா நான் எப்ப ஏறுறது?"

இவ்வளவுதான் விஷயம். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணிக்கு ஒரு நெருப்புக்கோழி மேல் ஏற வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சட்டத்தின் ஜாதகம் வேண்டும்.

அன்று மத்தியானம் ஊரிலிருந்து ஹெஸ்டர் டஷீல் கூப்பிட்டாள். ஊராட்சி எழுத்தரும் அவள்தான், ராட்டினத்தை ஓட்டுகிறவளும் அவள்தான், வயது எழுபது. தொலைபேசியில் கத்தித்தான் பேசுவாள்.

"அம்மா! இப்பத்தான் இருபத்தெட்டுக் குதிரைக்கும் புதுச் சாயம் அடிச்சு முடிச்சேன். இடிக்கப் போறாங்கன்னா சொல்லிடுங்க, வாலுக்கு அடிக்காம விட்டுடறேன்!"

"வாலுக்கும் அடிங்க" என்றாள் ஆர்டெல்லா. "நெருப்புக்கோழிக்கு ரெண்டு கோட்டு அடிங்க."

அப்புறம் வேலையில் இறங்கினாள். ப்ரெஸ்காட் செய்த தப்பு புதுசு அல்ல. சட்டத்தின் தலையில் அச்சடித்திருக்கிற மசோதா எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போனான். அது செனட் மசோதாவின் எண். அதே நேரத்தில் கீழவையில் அதன் இரட்டைப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆர்டெல்லா அதன் குழு அறிக்கையை எடுத்தாள். இரண்டே பக்கம். இரண்டாவது பக்கத்தின் அடியில் ஒரு வரி: 'இதே வாசகம் கொண்ட மசோதாவை இக்குழு முந்தைய காங்கிரஸின் காலத்தில் விசாரித்து, திருத்தத்துடன் பரிந்துரைத்தது, கூட்டத்தொடர் முடிந்ததால் அது நிறைவேறவில்லை.'

"பாத்தியா, செத்த அண்ணன்!" என்று மேசையைத் தட்டினாள். "உயிரோட இருக்குற மசோதாவுக்கு யாரும் நின்னு பதில் சொல்ல மாட்டாங்க மெர்ல், அவசரத்துல கைதூக்கிட்டுப் போயிடுவாங்க. பேசினதெல்லாம் செத்ததுகிட்டதான் கெடக்கும்."

செத்த மசோதாவின் விசாரணை முப்பத்தாறு மே மாதம் நடந்திருந்தது. பதினான்கு பக்கச் சிறு பிரசுரம். எங்களிடம் இல்லை. அப்போது அவள் தொலைபேசியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்த ஊரில் சட்ட நூலகர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் முதலாளிகள் நீதிமன்றத்தில் ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தாலும், நாங்கள் ஒருவரிடம் ஒருவர் புத்தகம் கேட்போம், கொடுப்போம். எதற்கு, யாருக்கு என்று கேட்க மாட்டோம். மத்தியானத்துக்குள் 'இருக்கு' அல்லது 'இல்லை' என்று பதில் வந்துவிடும். எழுதிவைக்காத சட்டம், அதற்கு ஜாதகம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பதினோரு நூலகங்களைக் கூப்பிட்டாள். ரயில்வே சங்க நூலகத்தில் இல்லை. ஒரு கல்லூரியில் இருந்தது, வெள்ளத்தில் ஊறிப்போய்விட்டதாம். நான் நடுநடுவே "கிடைக்காது, விட்டுடு" என்று நல்வாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வண்டிக்கடையின் ஹாஃப்-ஸ்மோக் சாசேஜ் ரொட்டியை ஒரு கையால் தின்றுகொண்டே மறுகையால் எண்ணைச் சுழற்றினாள். கடைசியில் ஒரு எண்ணைச் சுழற்றினாள் பாருங்கள், நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அது எதிராளித் துறையின் நூலகம்.

"இனெஸ், ஆர்டெல்லா பேசறேன். முப்பத்தாறுல கலங்கரை விளக்க நிலம் பத்தி ஒரு விசாரணை... ஆமா, சின்னதுதான்... இருக்கா?"

இனெஸ் காலோவே அங்கே இருபது வருடமாக நூலகர். அவளுக்கா தெரியாது எதற்கென்று? தொலைபேசியில் அவள் குரல் எனக்கே கேட்டது.

"இருக்கு. காலைல அனுப்பறேன். வெள்ளிக்கிழமை எனக்குத் திரும்பி வந்தாகணும், மடக்காம."

புதன்கிழமை காலை பழுப்பு உறையில் வந்துசேர்ந்தது. ஆர்டெல்லா, ப்ரெஸ்காட், நான் மூன்று பேரும் ஒரே மேசையில் தலையை முட்டிக்கொண்டு படித்தோம். ஒன்பதாம் பக்கம் வந்ததும் ஆர்டெல்லா என் தோளைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தாள். குழுத் தலைவர் அந்தத் தொகுதி உறுப்பினரைக் கேட்கிறார்:

'தலைவர்: அங்கே ஒரு ராட்டினம் சுற்றுகிறது என்று கேள்விப்பட்டேன். பூங்கா என்று நாம் எழுதினால் அது தப்புமா?

திரு. பர்ன்லி: தப்பியாக வேண்டும், ஐயா. அந்த ஊருக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளும் அதில் ஏறுகிறார்கள். அதிலுள்ள நெருப்புக்கோழியை எடுத்துவிட்டால் நான் மறுபடி தேர்தலில் நிற்கவே முடியாது. [சிரிப்பு.]

தலைவர்: அப்படியானால் நெருப்புக்கோழியைக் கவனித்துக்கொள்வோம். [சிரிப்பு.]'

ஏழாவது மாடி அதிர்ந்தது. நானும் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு சுருக்கெழுத்தர் அந்தப் பறவையைக் காங்கிரஸின் பதிவுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்! ப்ரெஸ்காட் நாற்காலியைச் சுற்றி ஓடினான். ஆர்டெல்லாதான் முதலில் அடங்கினாள். அவள் விரல் ஒரு வார்த்தையின் மேல் நின்றிருந்தது.

"'எல்லாப் பிள்ளைகளும்'" என்று படித்தாள். "நான் நின்ன கோடைக்கு அடுத்த வருஷம் இது. எல்லாப் பிள்ளைகளுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பர்ன்லி எதிரில் இருந்திருந்தால் தடித்த புத்தகம் ஒன்றாலேயே அடித்திருப்பேன்.

"சரி" என்றாள் அவள். "காங்கிரஸ்ல சொன்ன வார்த்தை. பொய்யாவே கெடக்கக் கூடாது. நான் போய் அதை நெசமாக்கிட்டு வரேன்."

ப்ரெஸ்காட்டுக்கு அப்போதுதான் வக்கீல் புத்தி வேலை செய்தது. "மிஸ் விட்லோ, இதுல ஒரு சிக்கல். சிரிப்புன்னு போட்டிருக்கே. ஜோக்குன்னு சொல்லித் தள்ளிடுவாங்க."

"சொல்லுவாங்க. அதனால சிரிச்ச பிறகு என்ன செஞ்சாங்கன்னு பாக்கணும்" என்று கைப்பையை எடுத்தாள். வியாழக்கிழமை முழுவதும் காங்கிரஸ் கூடும் மலைமேல் உள்ள பெரிய நூலகத்தில் இருந்தாள். சாயங்காலம் விரலெல்லாம் கறுப்பாக, கையில் இரண்டு நகல்தாளோடு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டேன். "நாளைக்குப் புத்தக வண்டியைத் தள்ளிட்டு வா, தெரியும்" என்றாள். எனக்கு எப்படியிருந்திருக்கும்!

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் துறையின் கட்டடம். ப்ரெஸ்காட் முன்னால், ஆர்டெல்லா நீலத் தொப்பியோடு நடுவில், சக்கரம் கீச்சிடும் புத்தக வண்டியோடு நான் பின்னால். ஹெஸ்டர் கரையோரத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தாள். நகத்தில் சிவப்புச் சாயம். எதிரில் துறையின் வக்கீல் ஆகில்பி. நல்ல மனிதர்தான், ஆனால் முகத்தைப் பார்த்தால் சிரித்துப் பழக்கமில்லாதவர் போல இருந்தது.

ஒன்பதாம் பக்கத்தைப் படித்தார். உதட்டைக் கூட அசைக்கவில்லை.

"வேடிக்கையா இருக்கு. ஆனா வேடிக்கை மட்டும்தான். சிரிப்புன்னு பதிவே சொல்லுது. காங்கிரஸ் ஜோக்கடிச்சதை வெச்சு நான் சட்டத்துக்குப் பொருள் சொல்ல முடியாது."

ஹெஸ்டர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தாள். ப்ரெஸ்காட் ஆர்டெல்லாவைப் பார்த்தான்.

"சார், ரெண்டு தாள் இருக்கு" என்று மேசையில் வைத்தாள் ஆர்டெல்லா. "இது விசாரணைக்கு முன்னால அந்தச் செத்த மசோதா. படிங்க."

"'பொதுப் பூங்காவுக்கு மட்டும்.'"

"இது விசாரணை முடிஞ்சு ஆறாவது நாள் குழு வெளியிட்டது. குழு புதுசா சேர்த்ததெல்லாம் சாய்ந்த எழுத்துல அடிப்பாங்க, உங்களுக்குத் தெரியாததா? சாய்ந்த எழுத்து எங்க இருக்கு பாருங்க."

ஆகில்பி தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "'பொதுப் பூங்காவுக்கும் அதைச் சார்ந்த பயன்களுக்கும் மட்டும்.'"

"ரெண்டு வருஷம் கழிச்சு அதே வாசகம் அப்படியே சட்டமாச்சு. விசாரணை பதினாலு பக்கமும் படிச்சேன் சார். பெஞ்சு பத்தி ஒருத்தரும் பேசல. கழிப்பறை பத்திப் பேசல. பூங்காவைத் தவிர அவங்க பேசின ஒரே சாமான் ராட்டினம்தான். சிரிச்சாங்க, நான் இல்லேங்கல. சிரிச்சு முடிச்சுட்டு உக்காந்து மூணு வார்த்தை சேர்த்தாங்க."

ஆகில்பி முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மறுபடி ஒன்பதாம் பக்கத்துக்குப் போனார். அவர் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மல் என்று நினைத்தேன்.

"நெருப்புக்கோழியைக் கவனிச்சுக்குவோம்னு..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கவனிச்சுட்டுத்தான் போயிருக்காங்க. நான் எழுதிக் கொடுத்துடறேன், நிலம் ஊருக்குத்தான்" என்றார். ஹெஸ்டர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டதில் அவர் சட்டைக் காலரில் சிவப்புச் சாயம் ஒட்டிக்கொண்டது.

வாசல் வரை வந்தவர் கேட்டார்: "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்க ஆளுங்க இந்த விசாரணையைத் தேடிக் கிடைக்கலன்னு சொன்னாங்க. உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"உங்க நூலகத்துல சார், மூணாவது மாடி" என்றாள் ஆர்டெல்லா. "இன்னிக்குத் திருப்பிக் கொடுக்கணும். கையோட கொண்டுவந்துட்டேன்." மின்தூக்கிக்குள் அவள் சிரித்த சிரிப்பில் நாங்கள் இறங்க வேண்டிய மாடியைத் தாண்டிப் போய்விட்டோம்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை ராட்டினம் திறந்த முதல் நாள் டன்னிங் கோவுக்குப் போனோம். கடல் காற்று, வறுத்த நண்டு ரொட்டி, இரைச்சல். நெருப்புக்கோழி நான் எதிர்பார்த்ததைவிடக் கோணலாக இருந்தது, ஒரு கண் பெரிது. ஆர்டெல்லா அதன் எதிரில் நின்று ஹெஸ்டரிடம் கயிற்றைப் பற்றிச் சொன்னாள். குறைப்பட்டுச் சொல்லவில்லை, தேதி சொல்வது போலச் சொன்னாள்.

ஹெஸ்டருக்கு முகம் மாறிவிட்டது. முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள். "முப்பத்தஞ்சுல எனக்கு இருபத்தொரு வயசு. அந்தக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான்."

"தெரியும்" என்றாள் ஆர்டெல்லா. "உங்க குரல் கேட்ட அன்னிக்கே தெரியும். அப்பவும் இப்படித்தான் கத்துவீங்க." பிறகு பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். "இன்னிக்கு இந்தக் கம்பியைக் கெட்டியாப் பிடிங்க. நான் ஏறணும்."

ஹெஸ்டர் இரண்டு கையாலும் பிடித்தாள். அழுதுகொண்டேதான் பிடித்தாள். ராட்டினம் கிளம்பியது. முதல் சுற்றில் நீலத் தொப்பி பறந்துபோய் என் காலடியில் விழுந்தது. இரண்டாவது சுற்றில் கையை விட்டுவிட்டாள். மூன்றாவதில் அந்தச் சிரிப்பு கிளம்பியது; சுற்றியிருந்த பிள்ளைகள், கறுப்பு, வெள்ளை எல்லாம், ஏன் என்று தெரியாமலே கூடச் சிரித்தன. ஏழு தடவை ஏறினாள். நானும் ஒரு குதிரையில் ஏறினேன், எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்ததை அவள் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள்.

விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை காலை நான் வந்தபோது அவள் மேசையில் அந்தச் சட்டத்தின் அட்டை கிடந்தது. செத்த அண்ணன், இரட்டைப் பிள்ளை, விசாரணை, சாய்ந்த எழுத்து, எல்லாம் தேதிவாரியாக இருந்தன. 'எல்லாப் பிள்ளைகளும் அதில் ஏறுகிறார்கள்' என்ற வாக்கியத்துக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தாள். அட்டையின் அடியில், அதே நட்சத்திரக் குறியோடு, மை காயாத வரி ஒன்று இருந்தது:

'மே 26, 1984: விட்லோ, ஆர்டெல்லா, ஏறினார். [சிரிப்பு.]'